கவிழ்த்து வைத்த பேணி

வடமராட்சிப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 44, ஆசிரியை, பிள்ளைகள் இருவர். கணவர் ஒரு மார்கழி இரவில் நெஞ்சு நோகிறதென்று எழும்பி உட்கார்ந்தவர், ஓட்டோ படலையில் வந்து நிற்பதற்குள் போய்விட்டார். அது நடந்து 15 மாதம். கடிதம் 11 பக்கம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை அவருடைய சம்மதத்தோடு மாற்றியும் நீக்கியும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் விடிய 5 மணிக்குத் தோட்டத்துக்கு இறைக்கப் போகிறவர். போகமுதல் இருவரும் குசினிப் படியில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். அவர் போன பிறகும் இவருடைய கை பழக்கத்தில் இரண்டு பேணி ஊற்றிக்கொண்டே இருந்தது. ஆறிப்போன மற்றத் தேத்தண்ணியைத் தேசிமரத்தடியில் ஊற்றிவிட்டுப் பாடசாலைக்கு வெளிக்கிடுவார். ஆட்டைத் திவசம் முடிந்த கிழமையில் ஒருநாள் ஒரு பேணிதான் ஊற்றினார். அன்றிரவு ஒரு கவிதை எழுதினார். பத்திரிகை ஒன்றின் வாரமலரில் அது வந்தது. கடைசி வரிகள் இவை:

இன்றைக்கு
ஒரு பேணிதான் ஊற்றினேன்.
மற்றதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.
தேசிமரம்
இனி மழையைப் பார்த்திருக்கட்டும்.

பிறகுதான் பிரச்சினை. மச்சாள், அதாவது கணவரின் தங்கை, பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து, "என்ர அண்ணாவை ஒரு வருசத்துக்குள்ள கழுவிக் கவிழ்த்துப்போட்டீரே மச்சாள்" என்று படலையிலேயே நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். பாடசாலையில் கூடப் படிப்பிக்கும் ஒருவர் "இனி உங்களைப் பற்றிக் கவலையில்லை" என்று மகிழ்ந்தார். அதற்குப் பிறகு அவர் பின்னேரங்களில் வந்து எட்டிப் பார்ப்பது நின்றுவிட்டது. வேறோர் ஊரில் ஒரு குடும்பம் இந்த ஐந்து வரியையும் தங்கள் தாயின் கல்வெட்டில் (31ஆம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில்) பெயர் போடாமல் அச்சடித்திருக்கிறது. 2009இல் வன்னியில் மகனைத் தொலைத்த ஒரு தாய் கொப்பித் தாளில் எழுதி அனுப்பினார்: "பிள்ளை, நான் இன்னும் அவனுக்கு ஒரு கோப்பை சோறு போட்டு மூடி வைக்கிறன். நான் எப்ப கவிழ்க்கிறது எண்டு நீர் சொல்லும்." இன்னொரு கடிதம் ஒரு மாணவனுடையது. அதற்கு உடனே வருகிறேன். 16 வயது மூத்த மகள் கவிதை வந்த பக்கத்தை வெட்டியெடுத்துக் கணிதக் கொப்பிக்குள் வைத்திருக்கிறாள். தாயிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

சகோதரி கேட்பது: "நான் எழுதினது பிழையோ? வாரமலரில் ஒரு விளக்கம் போடட்டோ? அடுத்தநாள் விடிய நான் திரும்பவும் ரெண்டு பேணி ஊத்திப்போட்டன். அப்ப அந்தக் கவிதை பொய்தானே?"

அன்புள்ள சகோதரி,

நான் உளவளத்துணை செய்பவள். கவிதை நல்லதா இல்லையா என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. (தேசிமரம் மழையைப் பார்த்திருக்கிற இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.) அதை வாசித்தவர்கள் உங்களிடம் கொண்டுவந்து இறக்கியவற்றைப் பற்றிக் கதைக்கலாம்.

முதலில் அந்தத் தம்பி

9ஆம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், நாலே வரியில் எழுதியிருந்தீர்கள். உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி, தாயை இழந்தவர், பத்திரிகை விலாசத்துக்குப் போட்ட கடிதம் உங்களிடம் வந்தது. "ரீச்சர், உங்களால ஏலுமாயிருக்கு. எனக்கு ஏலாது. எல்லாத்தையும் முடிச்சுப்போடலாம் போல கிடக்கு" என்று அதில் இருந்தது. என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் மூன்று கிழமையாக மேசை லாச்சிக்குள் வைத்திருந்தீர்கள்.

அந்த இடத்துக்கு வந்ததும் மிச்சக் கடிதத்தை வாசிக்காமல் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தத் தம்பி இப்போது சித்தியோடு ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போய் வருகிறார். நமக்குள் பேசி முடித்த விஷயத்தைத் திரும்ப இங்கே எழுதக் காரணம் உண்டு. இழப்பைப் பற்றி எழுதுகிற எவருடைய வீட்டுக்கும் இப்படியொரு கடிதம் என்றோ ஒருநாள் வரும்.

நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயந்தீர்கள். மிகப் பரவலான பயம், ஆனால் பிழையானது. சாவைப் பற்றி யோசிக்கிறீரா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருப்பவருக்கு, ஒருவராவது பெயர் சொல்லிக் கேட்டாரே என்ற ஆறுதல்தான் வரும். ஆகவே அழகான பதில் தேடி நாட்களைக் கடத்த வேண்டாம். உங்களுக்கு அன்று நான் சொன்னது ஏறத்தாழ இதுதான்:

"தம்பி, உம்மட கடிதம் கிடைச்சது. பதில் பிந்திப்போச்சு, குறை நினையாதையும். முடிச்சுப்போடலாம் போல கிடக்கு எண்டு எழுதியிருந்தீர். சாகிறதைப் பற்றியோ யோசிக்கிறீர்? ஓமெண்டாலும் சொல்லும், நான் பயப்பிடமாட்டன். இண்டைக்கு வீட்டில உம்மோட ஆர் நிக்கினம்?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கு வரும் பதிலில் ஒரு பெரியவரின் பெயர் இருக்கும். அடுத்த அழைப்பு அவருக்கு. "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று பிள்ளை கேட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் இரகசியம் காக்க வேண்டாம். வீட்டிலுள்ள மருந்துகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணுக்கு எடுக்கலாம். பக்கத்து ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனாலே போதும், மனநல வைத்தியரிடம் அங்கிருந்து அனுப்புவார்கள். நீங்கள் அந்தப் பிள்ளைக்கு வைத்தியராக வேண்டியதில்லை. கடிதத்தை லாச்சியிலிருந்து எடுத்து, பார்க்கத் தெரிந்தவர் கையில் சேர்ப்பது மட்டுமே உங்கள் வேலை.

உங்கள் கவிதைதான் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியதென்று உங்களைக் குற்றம்சாட்டிக்கொள்கிறீர்கள். அப்படியில்லை. உங்கள் பதினான்கு வரிக் கவிதையை அவர் ஒரு சோதனைப் பெறுபேற்றுத் தாளாக வாசித்திருக்கிறார்: ரீச்சர் பாஸ், நான் பெயில். தாயில்லாத வீட்டில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு உலகத்தில் எல்லாமே அப்படித்தான் தெரியும். அவர் உங்களுக்கு எழுதினார் என்பதையும் பாருங்கள். கவிதை வந்திருக்காவிட்டால் அவர் யாருக்கு எழுதியிருப்பார்?

மச்சாள் படலையில் நின்று கேட்டது

இதற்குப் பதில் சொல்ல முதலில் கல்வெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மூரில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கிறோம். படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், திதி வெண்பா, அப்புறம் மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். உங்கள் கணவருக்கும் அச்சடித்தீர்கள், கடிதத்தோடு ஒரு பிரதியும் வைத்திருந்தீர்கள். அதில் "மனைவி புலம்பல்" என்று எட்டு அடி இருக்கிறது. நீங்கள் போன பின் எனக்கு வாழ்வேது, இனி ஒரு கணமும் தரியேன் என்ற பாங்கில் போகிறது. அதை எழுதியவர் நீங்களில்லை. ஊரிலுள்ள ஒரு புலவர். அவர் இந்த ஊரில் எத்தனையோ மனைவிமாருக்காகப் புலம்பியிருப்பார்.

அந்த எட்டு அடியை ஒருவரும் பொய்யென்று சொல்லவில்லை. மச்சாள் அதை வாசித்து அழுதிருப்பார். நீங்களே உட்கார்ந்து எழுதியதன் கடைசி ஐந்து அடி மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறது. ஏனென்றால் விதவையின் குரல் எப்படி இருக்க வேண்டுமென்று நம்முடைய காது பழகிப்போயிருக்கிறது. புலம்பல் என்ற தலைப்புக்குக் கீழே, எண்சீர் விருத்தத்தில், முடிவில்லாமல் இருக்க வேண்டும். நீங்களோ பேணியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டீர்கள்.

புறநானூற்றில் 245ஆம் பாட்டு ஒரு சேர அரசனுடையது, கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவியைச் சிதையில் கிடத்திவிட்டு, என் துயரம் எவ்வளவு பெரிதென்றாலும் என் உயிரை எடுக்கும் அளவுக்குப் பெரிதில்லையே என்று சொல்லி, "இன்னும் வாழ்வல்" என்கிறான். இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இதென்ன தன்மை என்று தன்னையே கேட்கிறான். இரண்டாயிரம் வருடப் பழைய அந்த வெட்கம்தான் உங்கள் கடிதத்தின் 4ஆம் பக்கத்திலும் இருக்கிறது: "எனக்குப் பசிக்குது, நித்திரை வருகுது, அது எனக்கே வெட்கமாயிருக்கு." அடுத்த பாட்டு, 246, பூதப்பாண்டியன் தேவியுடையது. சான்றோர் தடுத்தும் கேளாமல் கணவனின் சிதையே தனக்குக் குளிர்ந்த பொய்கை என்றவர் அவர். உயிரோடிருந்து பாடிய ஆணையும் தீப்பாய்ந்த பெண்ணையும் அடுத்தடுத்து வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ தெரியாது. நம்முடைய ஊரின் காது இன்னும் 246இலேயே நிற்கிறது என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

சரி, இது உங்கள் பக்க நியாயம். மச்சாள் பக்கம் ஒன்று இருக்கிறது. செத்தவீட்டில் எல்லோரும் மனைவியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். தங்கை தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு, பாய் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்பார். 31 முடிந்ததும் அவரிடம் "எப்படி இருக்கிறீர்" என்று கேட்பதற்கு ஆளிருக்காது. அண்ணனுக்காக அழ அவருக்கிருந்த ஓரிடம் உங்கள் வீடு. அந்த வீட்டிலும் துக்கம் முடிந்துவிட்டதாம் என்று பத்திரிகையில் படித்தால் எப்படி இருக்கும்? அவர் கோபித்தது உங்களோடு என்பதைவிட, தனக்கு அறிவிக்காமல் கதவடைத்தார்களே என்று.

ஆகவே ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போங்கள். பத்திரிகையைக் கொண்டுபோக வேண்டாம். கவிதைக்கு விளக்கம் சொல்லத் தொடங்கவும் வேண்டாம், அது வழக்காடுவதில் முடியும். "உமக்கு நொந்துபோச்சு, எனக்குத் தெரியும்" என்று சொல்வது கவிதைக்காக மன்னிப்புக் கேட்பதாகாது. பிறகு உங்களுக்குத் தெரியாத காலத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் கணவர் பத்து வயதில் எப்படி இருந்தார், யாரோடு சண்டை பிடித்தார், எந்தக் கிணற்றில் நீந்தப் பழகினார். அது மச்சாளிடம் மட்டுமே இருக்கிற சொத்து.

வாரமலரில் விளக்கமா? என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம். கோபித்தவர்கள் அதை வாசிக்கப் போவதில்லை. வாசித்தாலும், "அப்படியெண்டால் ஏன் எழுதினவ" என்பார்கள். அதோடு, விளக்கம் எழுதும் கை தன்னையறியாமல் "அவரை என் உயிருள்ளவரை மறவேன், தினமும் அழுகிறேன்" என்று சத்தியம் பண்ணும். சின்ன ஊர் இது. பிறகு நீங்கள் ஒரு கலியாண வீட்டில் சிரித்தாலும் அந்தச் சத்தியத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

அடுத்தநாள் ஊற்றிய இரண்டாவது பேணி

"அப்ப கவிதை பொய்தானே" என்ற கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: துக்கத்துக்குப் படிகள் உண்டு, கடைசிப் படி ஏற்றுக்கொள்ளல், ஏறினவர் இறங்கக் கூடாது. இந்தப் படிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் பிடி கொஞ்சம் தளரும். எலிசபெத் கூப்லர்-ரோஸ் என்ற மனநல வைத்தியர் 1969இல் எழுதிய நூலில் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளல் என்று ஐந்து நிலைகளைச் சொன்னார். அவர் கதைத்தது சாகப்போகிற நோயாளிகளோடு. அவர்களைப் பறிகொடுத்தவர்களின் துக்கத்துக்கு அது பிறகு நீட்டப்பட்டது. எல்லோரும் ஐந்தையும் வரிசையாகக் கடப்பார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. என்னிடம் வருகிறவர்களில் ஒருவர்கூட அப்படிக் கடந்ததை நான் பார்க்கவில்லை.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது உங்கள் விஷயத்துக்கு நெருக்கமாக வருகிறது. இழந்தவர் இரண்டு வேலைக்கு நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறார்: ஒன்று இழப்போடு இருப்பது, மற்றது மிச்ச வாழ்க்கையைக் கட்டியெழுப்புவது. போய்வருவதுதான் இயல்பு. பழைய வீட்டுக் கிணற்றடியில் துலா பார்த்திருப்பீர்கள். பட்டை கீழே போகும், மேலே வரும். கீழே போகிற பட்டையைப் பார்த்து இறைப்புப் பிழைத்ததென்று யாரும் சொல்வதில்லை.

ஆக, ஒரு பேணி ஊற்றிய விடியலும் உண்மை, மறுநாள் இரண்டு ஊற்றிய விடியலும் உண்மை. கவிதை முதலாவது விடியலைச் சொன்னது. அந்தக் கடைசி வரிகளை "இன்றைக்கு" என்றுதானே நீங்களும் தொடங்கியிருக்கிறீர்கள்? வாசித்தவர்கள் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டார்கள், மச்சாளும் சரி, பாராட்டியவரும் சரி. அதை நீங்களும் தாண்ட வேண்டாம்.

வருத்தமா நோயா என்று இன்னோரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் நீடித்த துயர்க் கோளாறு என்ற ஒன்று இருக்கிறது. குறைந்தது 6 மாதத்துக்குப் பிறகும், அந்தச் சமூகத்தின் வழமைக்கு மிஞ்சி, ஏக்கமும் வேதனையும் ஓயாமல் இருந்து நாளாந்த வாழ்க்கையையே முடக்கினால்தான் அந்தப் பெயரை வைப்பார்கள். நீங்கள் படிப்பிக்கிறீர்கள், சமைக்கிறீர்கள், நிலுவை கட்டுகிறீர்கள், மாமியை கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறீர்கள். விளக்கை எரியவிட்டு நித்திரை கொள்வதும் மரத்தடியில் தேத்தண்ணி ஊற்றுவதும் நோய்க்குறிகள் இல்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய் வருடாவருடம் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற சனம் நாங்கள். இறந்தவரோடு உறவு தொடர்வது நமக்குப் புதிதில்லை. ஆனால் சாப்பாடு வெறுத்து, பாடசாலைக்குப் போக ஏலாமல், உங்களுக்கும் அந்தத் தம்பியின் எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்றைக்கே வாருங்கள். அதற்கு அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கூடப் படிப்பிக்கும் அந்த நண்பி விஷயம் சுலபம். அவர் கவிதையைச் சுகமான செய்தியாக எடுத்துக்கொண்டு, நல்ல மனதோடு ஒதுங்கிவிட்டார். "பின்னேரத்தில வாங்கோ, நீங்கள் வராதது தெரியுது" என்று ஒரு வரி சொல்லுங்கள்.

சோறு மூடி வைக்கிற தாய்

பயிலுநராக இருந்த காலத்தில் நான் ஒரு பிழை விட்டேன். மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், படித்ததை ஒப்புவிப்பதுபோல, "ஏற்றுக்கொள்ளத்தான் வேணும் அம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த குடையை எடுத்தார், அதன் பட்டியை மெதுவாகச் சுற்றிப் பொத்தானைப் போட்டார். "நீர் ஏற்றுக்கொள்ளும், உமக்கு லேசு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். திரும்பி வரவேயில்லை.

உங்கள் கணவரின் முகத்தை நீங்கள் கடைசியாகப் பார்த்தீர்கள். வாய்க்கரிசி போட்டீர்கள், சாம்பல் கரைத்தீர்கள், திவசத்துக்குத் திதி தெரியும். அந்தத் தாய்க்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பவுலின் போஸ் என்ற அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு வேலை செய்து, இப்படிப்பட்ட இழப்புக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது துக்கம் தொடங்கவே இடமில்லை. அங்கே "ஏற்றுக்கொள்" என்றால் "அவனைக் கைவிடு" என்றுதான் காதில் விழும். நம்முடைய சட்டமும் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறது. மரணச் சான்றிதழ் வாங்க மனமில்லாத குடும்பங்களுக்கு, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெற 2016இல் வழி செய்யப்பட்டது. அதைக்கூட வாங்க மறுத்து, பிள்ளை எங்கே என்பதற்கு மட்டும் பதில் கேட்டு வீதியில் இருக்கும் தாய்மார் இருக்கிறார்கள்.

உங்கள் கவிதையை யாழ்ப்பாணத்தில் ஆயிரம் பேர் வாசித்தால் அதில் இப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள். அதற்காக எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தத் தாய்க்குப் பதில் எழுதாமலும் இருக்க முடியாது.

அவர் கேட்டது "எப்ப கவிழ்க்கிறது". அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். கவிழ்க்கச் சொல்லவும் வேண்டாம், கவிழ்க்காதேங்கோ என்றும் வேண்டாம். கவிதை எழுதியவர் என்ற இடத்திலிருந்து இறங்கி, ஒரு பெண்ணாக எழுதுங்கள். உங்கள் கணவர் போனது உங்களுக்குத் தெரியும், மகன் போனானா இருக்கிறானா என்று அவருக்குத் தெரியாது, ஆகவே உங்கள் கவிதை அவருக்குப் பொருந்தாது என்பதை நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு மகனின் பெயரைக் கேளுங்கள். என்ன கறி அவனுக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். மூடி வைத்த சோற்றைப் பற்றி எழுதியவருக்கு அதைச் சொல்ல ஆசையிருக்கும். முடிந்தால் தபாலில் போடாமல் நேரே கொண்டுபோய்க் கொடுங்கள். அவருடைய ஊர் உங்களுக்குப் பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம்தான்.

கல்வெட்டில் போன ஐந்து வரி

2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கவிதை உங்களுடையது, உங்கள் பெயர் போடப்பட வேண்டுமென்று கேட்கும் உரிமையும் உண்டு. புத்தகமாகவோ விலைக்கோ போட்டிருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் போகச் சொல்லியிருப்பேன். இது ஒரு வீட்டுத் துக்கம். தாயைப் பறிகொடுத்த பிள்ளைகள், புலவரின் புலம்பலை விட்டுவிட்டு உங்கள் தேசிமரத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு வந்த பதில்களில் மிகப் பெரியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். பெயரை விடுங்கள்.

தொடர்ந்து எழுதலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில்: எழுதுங்கள், ஆனால் இரண்டு கொப்பி வைத்திருங்கள். மனக்காயங்களை எழுதுவது உடலுக்கும் நல்லது என்று பலரும் சொல்வது ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வின் வழி வந்தது. அதில் மாணவர்கள் நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். அவர்கள் எழுதியது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, எந்த மச்சாளும் அதை வாசிக்கவில்லை. அச்சுக்குப் போகிற எழுத்து வேறு வேலை. அதற்கு வருகிற பதில்களைத் தாங்கும் நாட்களில் மட்டும் அதை அனுப்புங்கள்.

மூத்தவள்

உங்கள் கடிதத்தில் இவளுக்கு மூன்று வரிதான் கிடைத்தது. கவிதையின் எல்லா வாசகர்களிலும் ஒரு சொல்லும் சொல்லாதவள் இவள்தான். வெட்டி எடுத்தாள், மடித்தாள், ஒவ்வொரு நாளும் திறக்கிற கொப்பிக்குள் வைத்தாள். கோபமா பெருமையா என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாமலிருக்கலாம். ஒன்று மட்டும் யோசித்தேன்: ஒரு வருடமாக அம்மா விடியப்புறம் இரண்டு பேணி ஊற்றினதை அவள் பார்த்திருப்பாளா? பார்த்தும் சொல்லாமல் இருந்திருப்பாளா? அவளுடைய அப்பாவைப் பற்றிய செய்தியை ஊரோடு சேர்ந்து பத்திரிகையில்தானே அவளும் அறிந்தாள்?

"கவிதை எப்படி" என்று அவளிடம் கேட்க வேண்டாம். கொப்பிக்குள் பார்த்ததையும் சொல்ல வேண்டாம். "அப்பாவைப் பற்றி எழுதினதை முதல் உனக்குக் காட்டியிருக்க வேணும், காட்டேல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு அவள் பதில் சொல்லாமல் போனாலும் பரவாயில்லை.

அந்த இரண்டாவது பேணியில் இனி மகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள் என்று எழுத வந்து, வெட்டிவிட்டேன். அது அவருடைய பேணி. அவளுக்கு வேறொன்று இருக்கட்டும்.

வாற வெள்ளிக்கிழமை 3 மணிக்குப் பிறகு நான் இருப்பேன். பாடசாலை விட்டு நேரே வாருங்கள், மச்சாளிடம் போனது எப்படியென்று கேட்க வேண்டும்.